தாயும் பெட்டியும்

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படை நடுங்கும் அந்தப் பாம்பின் முட்டைகளை ஒருவர் தம் வீட்டு நிலவறையிலே ஒரு பெட்டிக்குள் வைத்து, நள்ளிரவில் எழுந்து சென்று வெப்பமானியைப் பார்த்து வருகிறார் என்றாற் கேட்பவர் நகைப்பர். ஆயினும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது வியப்புக்குரிய செய்தியன்று. மீன் வளர்ப்பையும் கிளி வளர்ப்பையும் போன்று பாம்பு வளர்ப்பும் அங்கு ஒரு பொழுதுபோக்காகவும், அதனைத் தொடர்ந்து ஒரு வணிகமாகவும் வளர்ந்துவிட்டது. தாய் இட்ட முட்டைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்வது அத்துறையின் அரிச்சுவடி. அப்பெட்டியை ஆக்குவதற்கான விதிகள் ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தைச் சரிவர விளங்கிக்கொள்ள ஒரு மனிதருக்கு மூன்று ஆண்டுகள் சென்றன.

அவர் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிப்பவர். பாடசாலையொன்றில் ஆய்வுகூட உதவியாளராகத் தொழில் புரிபவர். ஆய்வுகூடத்தில் மாணவர் பார்வைக்கென வைத்திருந்த பாம்பொன்றைக் கோடை விடுமுறையிற் கவனிப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்ததே தொடக்கம். விடுமுறை முடிந்து பாம்பு பாடசாலைக்குத் திரும்பியது. விருப்பம் வீட்டில் தங்கிவிட்டது. சில ஆண்டுகளில் அவரிடம் ஓர் ஆணும் இரு பெண்களுமாக மூன்று பாம்புகள் இருந்தன. அவருடைய மகளுக்கு அப்போது பதினொரு வயது. தந்தையின் நிலவறைக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர் வளர்த்தது மேற்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பைதன் இனமொன்று. நம் நாட்டு வெங்கணாந்தியும் பைதன் குலத்ததே. எனினும் இது உருவிற் சிறியது. நன்கு வளர்ந்த பெண் பாம்பும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றரைத் தாண்டுவதில்லை. நஞ்சற்றது, சாதுவானது. அச்சமுற்றாற் கடிப்பதற்கு முன்னரே தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அதனால் அமெரிக்கர் அதற்குப் பந்துப்பாம்பு என்று பெயரிட்டனர். ஐரோப்பியரோ அதனை அரசப் பாம்பு என்பர். இது ஒரு முறை இடும் முட்டைகள் சிலவே. நான்கு முதல் எட்டு வரையென்று சொல்லலாம். முட்டைகள் பெரியவை, வெண்ணிறமானவை. கோழிமுட்டையின் ஓட்டைப்போல உடையும் ஓடு அவற்றுக்கில்லை. தோல்போன்று நெகிழும் உறையே உண்டு. இட்ட சில மணி நேரத்துள் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். தாய் அக்கட்டியைச் சுற்றி உடலை வளைத்துத் தலையை மேலே வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் இரையுண்ணாமற் கிடக்கும்.

வளர்ப்போர் இதற்கு இடங்கொடுப்பது அரிது. முட்டையிட்ட அன்றோ மறுநாளோ தாயின் சுருளை மெல்ல விரித்து முட்டைகளை எடுத்துவிடுவர். அதற்குக் காரணமும் உண்டு. சினையுற்ற காலத்திலேயே உணவை வெறுத்துவிட்ட பாம்பு, அடைகாத்தலையும் மேற்கொண்டால் மிக மெலிந்துபோகும். அடுத்த ஆண்டு முட்டையிடாமலும் போகலாம். முட்டைகளை எடுத்தபின், அவற்றின் மணம் நீங்குமாறு தாயை இளஞ்சூட்டு நீரிற் கழுவிவிட்டால், விரைவில் இரையெடுக்கத் தொடங்கும் என்பது அவர்கள் அனுபவம். ஆகவே தாயைப் பிரிப்பதில் வணிகம் மாத்திரமன்றித் தாயின் நலமுங் கலந்திருக்கிறது. இது மறுக்கத்தக்கதன்று.

தாயின் இடத்தை நிரப்ப வேண்டிய பெட்டி மிக எளியது. மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியொன்று; அதன் அடியில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு வேர்மிகுலைற்று அல்லது பேர்லைற்று. முன்னையது சூட்டினாற் பொரியச் செய்த ஒருவகை மைக்கா. பின்னையது அவ்வாறே பொரிந்த எரிமலைக் கண்ணாடி. நாற்றுமேடைகளுக்குத் தோட்டக்காரர் பயன்படுத்தும் இப்பொருள்கள் நீரை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுபவை, எளிதில் அழுகாதவை. அவற்றைத் தக்க அளவு நீரிற் பிசைந்து, சிறு குழிகள் செய்து, முட்டைகளை அரைப்பங்கு புதையுமாறு வைக்கவேண்டும். பெட்டியின் பக்கங்களில் ஓரிரு சிறு துளைகள். இப்பெட்டி முழுவதும், வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் பெரிய அடைகாப்புப் பேழையொன்றினுள் இருக்கும். பழுதடைந்த குளிர்சாதனப் பெட்டியின் கூட்டுக்குள் வெப்பநாடாவையும் வெப்பநிலை நிறுத்தியையும் பொருத்திப் பேழை செய்துகொள்வாரும் உளர். பேழையின் உள்ளே 31 முதல் 32 பாகை செல்சியசு வெப்பம் இருந்தால் ஐம்பத்தைந்து முதல் அறுபது நாட்களிற் குஞ்சுகள் வெளிவரும்.

முதலாம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய மூத்த பெண் பாம்பு ஆறு முட்டைகளை இட்டது. பெட்டி முன்னரே ஆயத்தமாக இருந்தது. வேர்மிகுலைற்றும் நீரும் சம அளவு என்று விதி கூறியது. அவர் ஒரு கோப்பை வேர்மிகுலைற்றுக்கு ஒரு கோப்பை நீர் என்று அளந்து கலந்தார். சம அளவென்று விதி கருதியது நிறையை. வேர்மிகுலைற்று பஞ்சுபோல இலேசானது. ஒரு கோப்பை நீரின் நிறைக்கு ஈடுசெய்யப் பல கோப்பை வேர்மிகுலைற்று வேண்டும். நிறுத்துப் பார்க்க வேண்டியதை முகந்து பார்த்தமையால், இருக்கவேண்டிய ஈரத்திலும் பன்மடங்கு ஈரம் அப்பெட்டியிற் சேர்ந்துவிட்டது. நாள்தோறும் தராசில் இரசாயனப் பொருள்களை நிறுத்துக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர் செய்த பிழை இது. அன்பின் மிகுதியினால் அவருடைய கை தராசை மறந்தது என்றே சொல்லவேண்டும். முட்டைகள் காய்ந்துவிடலாகாது என்ற அச்சம் ஒன்றே அவருக்கு இருந்தது. நனைந்து சாகும் என்ற எண்ணம் எழவேயில்லை.

பாம்பு முட்டையின் உறை நீரை உள்ளே விடும். காற்றையும் உள்ளே விடும். முளையம் அவ்வுறையின் நுண்துளைகளூடாகவே ஒட்சிசனைப் பெற்றுக் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. உறையின் மீது நீர்ப்படலம் படிந்தாற் காற்றின் வழி அடைபடும். அவருடைய முட்டைகள் முதல் வாரத்தில் நன்கு பருத்துப் பளபளத்தன. அதனை அவர் நலத்தின் அறிகுறியெனக் கருதி மகிழ்ந்தார். மூடியின் உட்புறத்தில் திரண்ட நீர்த்துளிகள் முட்டைகளின் மேற் சொட்டிக்கொண்டிருந்தன. இதற்கிடையில் அவர் நாளுக்கு மூன்று நான்கு முறை பெட்டியைத் திறந்தார். ஒரு முட்டையைக் கையிலெடுத்து விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்து, எப்பக்கம் மேலே இருந்தது என்பதை மறந்து திரும்ப வைத்தார். மூன்றாம் வாரத்திற் பூஞ்சணம் பிடித்தது. நாற்பதாம் நாளளவில் ஆறு முட்டைகளும் நிறம் மாறித் தளர்ந்து போயின. அவற்றை அறுத்துப் பார்த்தபோது இரண்டினுள்ளே முழு உருவமும் கோலமும் பெற்ற குஞ்சுகள் இறந்து கிடந்தன. மகள் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

கோழியின் முட்டையை அறிந்தவர்க்குப் பாம்பின் முட்டை ஒரு பொறியாக அமைந்துவிடுகிறது. அடைகாக்கும் கோழி தன் முட்டைகளை நாளொன்றிற் பலமுறை புரட்டுகிறது. புரட்டாவிடின் முளையம் ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு கெடும். மஞ்சட்கருவை நடுவில் நிறுத்தும் முறுக்கிய வெண்ணார்கள் அதன் முட்டையில் உண்டு. பாம்பு முட்டையில் அந்நார்கள் இல்லை. இட்ட ஓரிரு நாட்களுள் முளையம் மேற்பக்கத்தில் நிலைகொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினாற் சவ்வுகள் கிழியவோ, மஞ்சட்கருவின் பாரத்தின்கீழ் முளையம் நசுங்கவோ கூடும். ஆகவேதான் முட்டையை எடுத்தவுடன் அதன் மேற்பக்கத்திற் பென்சிலால் ஒரு குறியிட வேண்டும் என்பது விதி. பறவைக்கு அசைவு உயிர். பாம்புக்கு அசையாமை உயிர். ஓருயிரைப் பேணுவதிற் பெற்ற பழக்கம் இன்னோருயிரைக் கொல்லும் என்பதை அவர் அந்த ஆறு முட்டைகளிடமிருந்து கற்றார்.

அவ்வாண்டு குளிர்காலத்தில் அவர் பெட்டியைத் தொடவில்லை. நூல்களைத் தேடிப் படித்தார். தாய்ப்பாம்பு என்ன செய்கிறது என்பதை அறியாமல் அதன் இடத்தைப் பெட்டியைக் கொண்டு நிரப்ப முயன்றதே தம் முதற் பிழையென அவருக்குப் புலப்பட்டது. இதனை அறிய முயன்றவர்களின் வரலாறும் சுவையானது. இந்தியாவிற் பயணஞ் செய்த லமார்-பிக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர், அடைகாக்கும் வெங்கணாந்தியின் உடல் சூடாக இருக்கிறது என்று 1830களிலே கூறினார். குளிர்க்குருதியுடையதெனக் கருதப்பட்ட உயிர் வெப்பத்தை உண்டாக்குமா என்று பாரிசின் அறிஞர்கள் அதனை ஏற்க மறுத்தனர். ஆனால் 1841ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களிற் பாரிசின் இயற்கை வரலாற்று நூதனசாலையிலேயே வெங்கணாந்தியின் நெருங்கிய உறவினமான பர்மியப் பைதன் ஒன்று முட்டையிட்டு அடைகாத்தது. வலன்சியன் என்னும் விலங்கியலாளர் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து அளந்து, பயணி சொன்னது உண்மையென நிறுவினார். 1966இல் நியூயோர்க்கில் நடந்த ஆய்வொன்று அதன் வழியையும் காட்டிற்று. அடைகாக்கும் தாய் தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி நடுங்குகிறது. அந்நடுக்கத்தினால் அதன் உடல் சூழலிலும் 4.7 பாகை செல்சியசு வரை கூடிய வெப்பத்தைப் பெறுகிறது.

பந்துப்பாம்புக்கு இவ்வாறு நடுங்கி வெப்பமுண்டாக்கும் வழக்கம் இல்லை. அது வெப்பநாட்டில் நிலத்தடி வளைகளில் முட்டையிடுவது. வெப்பத்தை மண் தருகிறது. அவ்வாறாயின் இரண்டு மாதம் உண்ணாமல் முட்டைகளைச் சுற்றிக் கிடப்பது எதற்காக? மேற்காபிரிக்காவின் தோகோ நாட்டிற் செய்யப்பட்டு 2003இலும் 2005இலும் வெளியான ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. தாயின் சுருள் முட்டைகளின் நீரிழப்பைத் தடுக்கிறது. இறுகிய அச்சுருள் இல்லாதபோது முட்டைகள் காய்ந்து சுருங்குகின்றன. தாய் அங்கு செய்வது சூடேற்றலன்று, மூடிக் காத்தல்.

இன்னுமோர் உண்மையும் உண்டு. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த சிறு பைதன் இனமொன்றை அமெரிக்காவின் அரிசோனாவில் ஆராய்ந்தோர், தாய் பெரும்பாலான நேரம் இறுகச் சுருண்டிருப்பினும் இடையிடையே சுருளைச் சற்றுத் தளர்த்துவதைக் கண்டனர். இறுகியிருந்தால் நீர் காக்கப்படும். ஆனாற் காற்று குறையும். தளர்த்தினாற் காற்று வரும். ஆனால் நீர் போகும். இவ்விரண்டுக்கும் இடையிலே, எவ்வளவு இறுக்கம், எப்போது தளர்ச்சி என்பதைத் தாய் தன் உடலால் நிறுத்து நடத்துகிறது. இதைப் படித்தபோது அவருக்குத் தம் விதித்தாளின் ஒவ்வொரு வரியும் விளங்கியது. ஈரமான வேர்மிகுலைற்று, மூடிய மூடி, பக்கத்துச் சிறு துளைகள், வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மூடியைச் சில கணம் திறந்து மூடுதல் ஆகிய எல்லாம் தாயின் இறுக்கத்தையும் தளர்ச்சியையும் பார்த்து எழுதியவை போலவே இருந்தன. அவர் முதலாம் ஆண்டில் ஆக்கியதோ ஓயாமல் தளர்ந்துகொண்டும் ஓயாமல் நனைந்துகொண்டும் இருந்த ஒரு தாய்.

இரண்டாம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் அதே பாம்பு ஐந்து முட்டைகளை இட்டது. இம்முறை வேர்மிகுலைற்றைத் தராசில் நிறுத்தார், நீரையும் நிறுத்தார். கலவையைக் கையில் அள்ளிப் பிழிந்து பார்த்தார். திரண்டு நின்றது, நீர் ஒழுகவில்லை. முட்டைகள் ஒட்டிய கட்டியைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வைத்தார். மேற்பக்கத்திற் பென்சிற் குறியை மகள் இட்டாள். மூடியை ஒரு பக்கம் சற்று உயர்த்திப் பெட்டியைச் சாய்த்து வைத்தமையால், திரளும் நீர் முட்டைகளின் மேற் சொட்டாமல் ஓரத்தில் வழிந்தது. பேழையின் அடித்தட்டில் நீர் நிறைத்த போத்தல்களை அடுக்கினார். நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வது. வெப்பநிலை ஏறி இறங்குவதை அது தணிக்கும்.

அந்தப் போத்தல்களின் பயன் ஏப்பிரில் மாதத்திற் புலப்பட்டது. உறைமழை பெய்து மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரத்தால் அறுந்தன. ஊர் இருளில் மூழ்கியது. மின்சாரம் திரும்பப் பத்தொன்பது மணி நேரம் சென்றது. பேழையின் வெப்பநிலை 31.5 பாகையிலிருந்து மெல்ல மெல்லக் கீழிறங்கியது. வெந்நீர்ப் பைகளை உள்ளே வைத்துவிடலாமா என்று அவர் பலமுறை எண்ணினார். ஒருமுறை பேழையின் கதவிற் கையையும் வைத்துவிட்டார். திறந்தால் எஞ்சியிருக்கும் சூடும் வெளியேறும். வெந்நீர் ஓரிடத்தில் மிகச் சூட்டை உண்டாக்கும். மிகுந்த வெப்பமே பாம்பு முளையத்தின் முதுகெலும்பைக் கோணச் செய்யும், கொல்லவுஞ் செய்யும். சிறிது காலக் குளிரோ அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதோடு நின்றுவிடுவதுண்டு. இதனை அவர் அறிவார். அறிந்தும் கை கதவை விட்டு எளிதில் வரவில்லை. இறுதியில் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து பேழையைப் போர்த்திவிட்டு, அதன் அருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டார். மறுநாள் மின்சாரம் வந்தபோது வெப்பமானி 27 பாகையைக் காட்டியது.

அறுபத்தொராம் நாள் முதல் முட்டையின் உறையிற் கீறல் தோன்றிற்று. குஞ்சின் மேல்வாய் நுனியிலுள்ள முட்டைப்பல் என்னும் சிறு கூர் உறையைக் கிழித்தது. அங்கிருந்து ஒரு மூக்கு நுனி வெளியே தெரிந்தது. தலையை வெளியே நீட்டியவாறே குஞ்சு ஒரு நாளுக்கு மேலாக உள்ளேயே இருந்தது. எஞ்சிய மஞ்சட்கருவை உடலுள் இழுத்துக்கொள்ளும் காலம் அது. வளர்ப்போரிற் சிலர் இந்நிலையிற் கத்தரிக்கோலால் உறையை வெட்டிக் குஞ்சுக்கு வழிசெய்வர். அவர் வெட்டவில்லை. ஐந்தில் நான்கு வெளிவந்தன. ஐந்தாவது முட்டையிற் கீறலே விழவில்லை. நான்கு நாட்களின் பின் திறந்து பார்த்தபோது குஞ்சு நெடுநாள் முன்னரே இறந்திருந்தது தெரிந்தது. மகள் குறிப்பேட்டில் நான்கு பெயர்களையும் ஒரு சிலுவைக் குறியையும் எழுதினாள்.

பெட்டி வெற்றி பெற்றது. ஆயினும் அவ்வெற்றியின் நடுவிலே இன்னொரு காட்சி இருந்தது. முட்டைகளை எடுத்துத் தாயைக் கழுவி அதன் கூட்டில் விட்டபோது, அது இரையை நோக்கவில்லை. முட்டைகள் கிடந்த மூலைக்கே சென்று, வெறுந்தரையைச் சுற்றிச் சுருண்டு தலையை மேலே வைத்துக்கொண்டது. மூன்று நாட்கள் அவ்வாறே கிடந்தது. நான்காம் நாள் எலியொன்றை விழுங்கியது. அந்த மூன்று நாட்களையும் மகள் குறிப்பேட்டிற் பதிந்திருந்தாள். குஞ்சுகள் வெளிவந்த மகிழ்ச்சியிற் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தந்தை அதனைக் கண்டார்.

“அப்பா, அவளுக்குத் தெரியாதென்றா எடுத்தோம், அல்லது தெரிந்தாலும் பரவாயில்லையென்றா?” என்று அவள் கேட்டாள்.

பாம்பின் உள்ளத்தில் யாது நிகழ்கிறது என்று எவராலும் அறுதியிட்டுக் கூறமுடியாது. அச்சுருளைத் துயரம் என்பது மனிதர் தம் உணர்வை அதன்மேல் ஏற்றுவதாகலாம். உடலில் ஊறிய ஒரு வழக்கம், அதற்குரிய பொருள் நீங்கிய பின்னும் சிறிது நேரம் தொடர்ந்தது என்றும் விளக்கலாம். அவர் மகளுக்கு இவ்விரண்டையும் எடுத்துரைத்தார். ஆனால் அவள் கேட்டது பாம்பின் உள்ளத்தைப் பற்றியதன்று, தம் உள்ளத்தைப் பற்றியது என்பதை அவர் பின்னரே உணர்ந்தார்.

அக்கேள்வி நிலவறையோடு நிற்கவில்லை. இப்பாம்புகள் அமெரிக்காவுக்கு எங்கிருந்து வந்தன? தோகோ, பெனின், கானா ஆகிய நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாக இலட்சக்கணக்கான பந்துப்பாம்புகள் ஏற்றுமதியாகியுள்ளன. சினையுற்ற பெண் பாம்புகளையும் முட்டைகளையும் வளைகளிலிருந்து தோண்டியெடுத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்பது அங்கு ஏழைக் குடியானவர் பலருக்குப் பிழைப்பாக அமைந்தது. அதே பெனின் நாட்டின் உவிதா நகரில் இப்பாம்புக்குக் கோயில் உண்டு. அங்கு இது தெய்வத்துக்குரியது. வீட்டினுள் நுழைந்தாலும் கொல்லாமல் மெல்ல எடுத்துக் கோயிலிற் சேர்ப்பர். ஒரே நாட்டின் ஒரே பாம்பு ஓரிடத்தில் வணங்கப்படுகிறது; ஓரிடத்தில் தோண்டியெடுக்கப்படுகிறது. இன்று இவ்வினம் அச்சுறுத்தலை அண்மிய நிலையில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. நிலவறைகளிற் குஞ்சு பொரிப்பதனாற் காட்டுப் பாம்புகளின் தேவை குறையும் என்று வளர்ப்போர் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் அவ்வளர்ப்பே இப்பாம்பின் மீதான விருப்பத்தையும் பெருக்கியது.

விருப்பம் பெருகியதற்குக் காரணம் நிறம். 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெண்ணிறப் பந்துப்பாம்பு பரம்பரையாக வளர்க்கப்பட்டது முதல், புதிய நிறமும் புதிய கோலமும் தேடும் முயற்சி பெரு வணிகமாயிற்று. அரிய நிறமுள்ள குஞ்சொன்று பல்லாயிரம் டொலருக்கு விலைபோனதுண்டு. சிலந்தி வலைபோன்ற கோலமுடைய ஒருவகைப் பாம்புகளில், அக்கோலத்தைத் தரும் பரம்பரைக் காரணியே தலை நடுங்கும் குறைபாட்டையும் தருகிறது. தலையை நேரே நிறுத்த இயலாது தள்ளாடும் அப்பாம்புகளையும் அழகு கருதி வாங்குவோர் இருந்தனர். ஆகவே முட்டைப் பெட்டி தீதற்ற கருவியென்று முடிவுகட்டவும் முடியாது. தீயதென்று ஒதுக்கவும் முடியாது. அதில் இடப்படும் முட்டை எதற்காக இடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமைகின்றன.

மூன்றாம் ஆண்டு இளைய பெண் பாம்பு ஏப்பிரிலில் ஐந்து முட்டைகளை இட்டது. அது முதன்முறை ஈன்றது, நல்ல உடற்கட்டுடையது. அவர் பெட்டியை ஆயத்தஞ் செய்து பேழையில் வைத்தார். ஆனால் முட்டைகளை எடுக்கவில்லை. தாயின் கூட்டுக்குள் ஈரப்பாசி பரப்பிய மூடிய முட்டையறையொன்றை வைத்துக் கூட்டின் வெப்பத்தை 31 பாகையில் நிறுத்தி, நீர்க்கிண்ணத்தை நிரப்பி விலகினார். பெட்டி வெறுமையாகவே இருந்தது. தாய் முட்டைகளை விட்டு விலகினால் அன்றே மாற்றிவிடலாம் என்பது அவருடைய ஏற்பாடு.

அறுபது நாளும் ஒன்றுஞ் செய்யாதிருத்தல் அவருக்குப் பெட்டியை ஆக்குவதிலும் கடினமாயிருந்தது. தாய் நாளுக்கு நாள் மெலிந்தது. அதன் முதுகெலும்பின் வரை தோலின்கீழ்த் தெளிவாகத் தெரிந்தது. முட்டைகளை எடுத்துவிடுவதே தாய்க்குச் செய்யும் அறமோ என்று இருமுறை ஐயுற்றார். முடிவாக எது சரியென்று அவர் இன்றும் கூறுவதில்லை. பாசி உலர்ந்தபோது அதன் ஓரத்திற் சிறிது நீர் தெளித்ததைத் தவிர அவருடைய கை உள்ளே செல்லவில்லை. சில இரவுகளில் தாய் சுருளைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு சுருள்களுக்கிடையே முட்டையின் வெண்மை விரலளவு தெரியுமாறு கிடந்தது. விடிவதற்குள் மீண்டும் இறுகிவிட்டது. அரிசோனாவில் வேறோர் இனத்தில் அறிஞர் கண்டதை ஒத்த ஒன்றைத் தம் நிலவறையில் தாமே கண்டதாக அவர் நம்பினார்.

ஐம்பத்தொன்பதாம் நாள் ஒரு குஞ்சின் தலை தாயின் சுருளுக்கு மேலே தோன்றியது. ஐந்து முட்டைகளில் நான்கு பொரித்தன. பெட்டி சென்ற ஆண்டு தந்ததும் நான்கே. ஆகவே தாய் வென்றது, பெட்டி தோற்றது என்று எழுத இங்கு இடமில்லை. குஞ்சுகள் தோல் கழற்றி முதல் இரையெடுத்த பின் இரண்டைப் பாடசாலைகளுக்குக் கொடுத்தார். இரண்டைத் தாமே வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு எந்தப் பாம்பையும் இணைசேர்க்கவில்லை. தாய் தன் பழைய நிறையைத் திரும்பப் பெற ஏழு மாதங்கள் சென்றன. ஒவ்வொரு மாதமும் மகள் அதனை நிறுத்துக் குறித்தாள்.

பெட்டியை அவர் எறிந்துவிடவில்லை. தாய் நோயுற்றாலோ முட்டைகளைக் கைவிட்டாலோ அது தேவைப்படும். வேர்மிகுலைற்றுப் பையும் தராசும் அதனருகே இருக்கின்றன. விதித்தாளின் ஓரத்தில் ‘சம அளவு’ என்பதற்கு நேரே ‘நிறையால்’ என்று அவர் பென்சிலால் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே மகளின் கையெழுத்தில், எந்த விதியிலும் இல்லாத ஒரு வரி உள்ளது: ‘முதலில் அவளைக் கேட்டுப் பார்.’